ஒவ்வொரு நாளும் 2009

கோம்பையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பூமாரி எந்தப் பெட்டியையும் உடனே திறந்துவிட மாட்டாள். அதை எப்படி அணைக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பாள்.

ஞாயிறு காலை சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் கர்ணன் வீட்டுக்குப் போனபோது அவரிடமும் அதையே கேட்டாள். சிங்கப்பூரில் இருக்கும் மகள் யுவராணியோடு அவர் வாராவாரம் இணையத்தில் டாங்கிச் சண்டை விளையாட்டு ஆடுவார். போனில் "சாப்பிட்டியா"வுக்கு மேல் பேச்சு ஓடாத இருவரும் அதில்தான் வாய்விட்டுச் சண்டை போடுவார்கள். மூன்று வாரமாக ஆட்டம் இணையவில்லை.

"விண்டோஸ் செவன் பழசு, தூக்கிப் போடுங்கன்னு தேனிக் கடையில சொல்லிட்டாக. அணைக்கிறதா? இடி விழுமேன்னு தெனம் பிளக்கப் பிடுங்கிருவேன் ஆத்தா."

பூமாரி திரையின் மூலையைக் காட்டினாள். "தேதியப் பாருங்கண்ணே. ரெண்டாயிரத்து ஒம்பது, ஜனவரி ஒண்ணு. உள்ள தேதிய ஞாபகம் வச்சிருக்கிற பேட்டரி செத்துருச்சு. பிளக்கப் பிடுங்குனா பெட்டி அங்கன போய் நின்னுக்குது. கேம் சர்வர், தான் அசல்தான்னு இந்த வருசத்துச் சான்றிதழக் காட்டுது. இன்னும் வராத வருசமாச்சேன்னு இது கதவச் சாத்திருது."

ஒரு ரூபாய்க் காசு அளவு பேட்டரி ஒன்றை மாட்டித் தேதியைத் திருத்தினாள். ஆட்டம் இணைந்தது.

கர்ணன் வாயில் கை வைத்தார். மகள் மூன்றாம் வகுப்பு படித்த வருடத்துக்கே அந்தப் பெட்டியைத் தினமும் தன் கையால் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்!

"யப்பா, வந்துட்டியா?" என்று திரையில் எழுத்து வந்தது. படித்து முடிப்பதற்குள் அவருடைய டாங்கி வெடித்தது.

"அடி களவாணிக் கழுத!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.