கண்டிப்பாகத் திரும்பி வருவேன்

நாகர்கோவிலில் வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஓர் அலுவலகத்தில், விசா நேர்காணலுக்கு அவர்களைத் தயார்செய்வதுதான் உலகம்மையின் வேலை. பதினோரு வருடமாக ஊரையெல்லாம் விமானம் ஏற்றிவிட்டாள். அவளுக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை. வேலைக்குச் சேரும் முன் ஒரே ஒரு தடவை நேர்காணலுக்குப் போனாள். படித்து முடித்ததும் திரும்பி வருவாயா என்று கேட்டார்கள். பூதப்பாண்டியில் வயல் இருக்கிறது, அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை, கண்டிப்பாகத் திரும்பி வருவேன் என்றாள். அவர்கள் நம்பவில்லை.

இப்போது நேர்காணலுக்குத் தயாராக வந்த ரஷ்மியும் பூதப்பாண்டிக்காரிதான், அவளும் ஒற்றைப் பிள்ளை. அவளுடைய சரளமான ஆங்கிலத்தைக் கேட்கக் கேட்க உலகம்மைக்கு வயிறு எரிந்தது. இவளும் பட்டுப் பார்க்கட்டும் என்று, தன்னைக் கவிழ்த்த அதே பதிலை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொடுத்தாள்.

மறுவாரம் ரஷ்மி ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு வந்து நின்றாள். "அக்கா, நீங்க சொல்லித்தந்தத அப்படியே சொன்னேன். விசா கிட்டியாச்சு!"

"சந்தோசம் மக்கா," என்றாள் உலகம்மை, பல்லைக் கடித்துக்கொண்டு.

ரஷ்மி குனிந்து அவள் காதோடு சிரித்தாள். "ஆனா ஒண்ணுக்கா, போனா நான் திரும்பி வரவே மாட்டேன், கேட்டியளா!"

உலகம்மை சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்காமலே மேஜைமேல் வைத்தாள். அன்றைக்குத் தன் நேர்காணலில் உலகம்மை சொன்னது அத்தனையும் சத்தியம்.