ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை

பேச்சியக்கா இறந்த செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. அவர் கணவர் முருகன் அண்ணன் போனில் அழைத்து, "தங்கச்சி, அவ போயிட்டா" என்றார். கொஞ்ச நேரத்தில் பெல் அடித்தது, எல்லோரும் மெஷினுக்குத் திரும்பினோம். அக்காவின் ஓவர்லாக் மெஷினில் ஏற்கனவே வேறு ஆளை உட்காரவைத்திருந்தார்கள்.

முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியின் மூன்றாவது லைனில் இருந்தவர்களுக்கு அக்காவின் திருநெல்வேலிப் பேச்சு மறந்திருக்காது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் குழந்தையில்லை. அதை அவரே சொல்லிவிடுவார், யாரும் கேட்கக் காத்திருக்கமாட்டார். கோவையில் சிகிச்சை எடுத்து, இரண்டு கருக்களை ஆஸ்பத்திரியில் உறையவைத்திருந்தார்கள். "எம் பிள்ளைங்க ரெண்டும் ஏசியில இருக்கு. நமக்குத்தான் தலைக்கு மேல ஃபேன்கூட ஓடல" என்பார், சூப்பர்வைசர் காதில் விழும்படி.

கருவை எப்போது உள்ளே வைப்பது என்பது மட்டும்தான் பாக்கி. கர்ப்பப்பை தயாராக இருந்தால் எந்த மாதமும் சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன ஆடியில் மாமியார் தடுத்தார். ஆடியில் தங்கினால் சித்திரையில் பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாதாம். புரட்டாசியில் கிறிஸ்துமஸ் ஆர்டர். ஷிப்மெண்ட் போகும்வரை லீவு கிடையாது என்றார் சூப்பர்வைசர். மார்கழி வேண்டாம் என்று மறுபடி மாமியார். தையில் நான். "பங்குனியில எனக்குக் கல்யாணமுங்க்கா. நீங்கதான் கூட நிக்கோணும், அது முடிஞ்சு போங்க." அக்கா மறுக்கவில்லை. எல்லோருடைய வசதியையும் பார்த்தோம், அவருடையதைத் தவிர.

வைகாசியில் டீ நேரத்தில் சொன்னார். "ஏட்டி, நாள் குறிச்சிட்டேன். ஆடி மூணாவது வியாழன்."

"ஆடியிலயாங்க? உங்க அத்தை உடுவாங்களா?"

"அவங்களா சொமக்கப் போறாங்க? சித்திரையில பொறந்தா வெயில்ல பொறக்கட்டும். இந்தத் தகர ஷெட்டை விடவா வெயிலு?"

அன்றிலிருந்து லீவைச் சேர்த்துவைத்தார். ஆனியில் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் காய்ச்சலோடு தைத்தார். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குப் போங்க்கா, ஒடம்பு கொதிக்குது" என்றேன். "இன்னிக்கு லீவு போட்டா அன்னிக்குக் கெடைக்காது, ஏட்டி" என்றார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. திரும்பி வரவில்லை.

விதி என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். விதி இல்லை. காய்ச்சலுக்கு லீவு, இல்லையென்றால் பிள்ளைக்கு லீவு, ஏதாவது ஒன்றுதான் என்று ஒரு பெண்ணை நிறுத்திவைத்தோம். நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் தைத்தோம்.

என்னை "ஏட்டி" என்று கூப்பிட இங்கே வேறு ஆளில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் "கண்ணு" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த "ஏட்டி" வேண்டும்.

நாளை மறுநாள் ஆடி மூன்றாவது வியாழன். லீவு கேட்டு எழுதிய தாளில், காரணம் என்ற இடத்தில் பேச்சியம்மாள் என்று எழுதினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "உனக்கு ஒறம்பரையா, சொந்தமா அந்தப் புள்ள?" என்றார்.

"ஆமாங்க."

அன்று கோவைக்குப் போகப் போவதில்லை, எனக்கு அங்கே என்ன வேலை. அக்கா யாரையும் கேட்காமல் தனக்கென்று குறித்துக்கொண்ட நாள் அது ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். கம்பெனிக்குத் தரமாட்டேன்.