சயோகோ வீட்டுத் தொலைபேசி எண்

ஹிரோசே யோசுகே, மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணில் படும் எண்ணையெல்லாம் வகுத்துப் பார்ப்பது அவர் வியாதி. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் என்றால் உயிர். பொதுக் குளியலறையில் செருப்புப் பெட்டிக்குக்கூட இருபத்து மூன்றாம் எண் கிடைக்காவிட்டால் அழுக்கோடு வீடு திரும்புவார்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. மிசோ என்னும் சோயா விழுது விற்கும் கடைக்காரர் மகள் சயோகோவின் தொலைபேசி எண் 223693. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வங்கிக்காரனோடு சம்பந்தப் பேச்சு. இவர் சனிக்கிழமை காலையிலிருந்து உட்கார்ந்து, அந்த எண்ணைச் சின்னச் சின்னப் பகா எண்களால் வரிசையாக வகுத்துப் பார்த்துவிட்டு, அதே எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"உங்க நம்பர எதாலயும் வகுக்க முடியாது. நாம சேந்தா நம்மளையும் யாரும் பிரிக்க முடியாது."

இப்படிக்கூடப் பெண் கிடைக்கிறது. நான் பூங்கொத்தோடு எத்தனையோ வீட்டு வாசலில் நின்றவன்.

மாமனார் வீட்டுக்கே குடிபோனதால் அந்த எண் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. இப்போது அதில் பொருள் விற்கிறவர்கள்தான் கூப்பிடுகிறார்கள். இணைப்பை எடுத்துவிடலாம் என்று சயோகோ நச்சரிப்பார். "அது நம்ம கல்யாணம்" என்று இவர் வாயை அடைத்துவிடுவார்.

போன வாரம் என் சோபா நூடுல்ஸ் கடையில் அவர் இந்தக் கதையை மறுபடி ஆரம்பித்தார். என் மருமகன் சும்மா இராமல் கைபேசியில் தட்டிப் பார்த்தான்.

"இது பகா எண் இல்லையே, பெரியவரே. நானூத்தி அறுபத்தேழு பெருக்கல் நானூத்தி எழுபத்தொம்பது."

எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது, பாவமாகிவிட்டது. கிண்ணத்தில் சோபா ஆறிக் கிடந்தது.

அவரைக் கூட்டிப்போக சயோகோ வந்தார்.

"லைன எடுத்துடச் சொல்லு," என்றார் ஹிரோசே தலையைத் தூக்காமல். "நானூத்தி அறுபத்து மூணு வரைக்கும் போட்டேன். ஒரே ஒரு கணக்குதான் பாக்கி. உங்கப்பா கடைய மூடிட்டு வீட்டுக்கு வந்துட்டா அவர்தான் போன எடுப்பாரேன்னு அத விட்டுட்டுப் போனப் போட்டேன். பொய் சொல்லித்தான் உன்னக் கட்டிக்கிட்டேன்."

"தெரியும். நீங்க போன வச்சதுமே அப்பாவோட மணிச்சட்டத்துல நானும் போட்டுப் பாத்தேன்."

"அன்னைக்கேவா? அப்புறம் ஏன் சரின்ன?"

"அந்தக் கடைசிக் கணக்கப் போட்டிருந்தா நீங்க கூப்பிட்டிருக்கவே மாட்டீங்க. வங்கிக்காரனுக்குச் சோறு வடிச்சிட்டிருப்பேன்." கோட்டை எடுத்து அவர் தோளில் போட்டார். "அதுவுமில்லாம, வந்த ரெண்டும் பகா எண்ணுதான், அதுவும் அடுத்தடுத்த பகா எண்ணு. எதுக்கும் வளைஞ்சு கொடுக்காத ரெண்டு, பக்கத்துப் பக்கத்துல. நம்ம வீட்டுக்கு வேற எது பொருந்தும்?"

ஹிரோசே ஆறிப்போன சோபாவை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

"அப்ப லைன்?"

"இருக்கட்டும். விக்கிறவன் கூப்பிட்டா இனிமே நீங்கதான் எடுக்கணும்."