ஜவ்வாது மலையில் ஒற்றைக் காலுறை

வாணியம்பாடிப் பேருந்து என்னை ஆலங்காயத்தில் இறக்கிவிட்ட காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கார்த்திகை மாதம். முந்தின இரவு திருப்பூரில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, இரண்டு பேருந்து மாறி வந்திருந்தேன். ஜமுனாமரத்தூர் போகும் பேருந்து இப்போதுதான் போனது என்றார்கள். அடுத்த பேருந்துக்குக் கடைக்குக் கடை ஒரு நேரம் சொன்னார்கள். கடைசியில் யூசுப் என்பவரின் ஜீப்பை அன்றைய நாள் முழுவதற்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பேசி ஏறிக்கொண்டேன்.

"மலைக்கு இன்னா வேலையா போறீங்க மேடம்?" என்று கேட்டார்.

"பழைய சாக்ஸ் வாங்கப் போறேன்."

அவர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். நானே விளக்கினேன். துணிக்குச் சாயமும் மெருகும் ஏற்றும் ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்களைப் பருத்தி நூலில் படிய வைக்கிறோம். வேர்வை பட்டால் அந்த வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிருமியைக் கொல்லும், துணி நாறாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கென்று அப்படிக் காலுறை செய்து, தை மாதத்தில் இந்த மலையில் சுமார் நாற்பது பேருக்கு ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்திருந்தார்கள். கொடுக்க வந்தவர்கள் வேறு. அணிந்து துவைத்த பிறகு எவ்வளவு வெள்ளி மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க அவற்றைத் திரும்ப வாங்கி வருவது மட்டும்தான் என் வேலை.

"மீதி வெள்ளி எங்க போவும்?"

"தொவைக்கிற தண்ணியோட போகும்."

யூசுப் தலையை ஆட்டினார். "அந்தத் தண்ணி எங்க ஊருக்குத்தான் எறங்கி வருது" என்றார், குறையாகச் சொல்லாமல் வழி சொல்வதுபோல.

காவலூர் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. விண்மீன் பார்க்கும் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேல் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. சரிவுகளில் அறுக்காத சாமை மழையில் சாய்ந்து கிடந்தது. வழியில் யாரும் தென்படவில்லை. ஒரு வளைவில் நனைந்த நாய் ஒன்று சாலை நடுவிலேயே நின்றது. ஒலி எழுப்பியும் நகரவில்லை. யூசுப் அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் கிளைச் சாலையில் இருந்தது அந்தச் சிறு மருத்துவ நிலையம். செவிலியர் ஸ்டெல்லா அடிவாரத்துச் சந்தவாசல்காரர். வாரம் முழுக்க மலையில் தங்கி, ஞாயிறு கோயிலுக்கு மட்டும் இறங்குபவர். ஒரு கோணிப்பை நிறையக் காலுறைகளைச் சேர்த்து வைத்திருந்தார். பெரும்பாலானவை பாறையில் அடித்துத் துவைத்து வெளுத்துக் குதிகால் கிழிந்தவை. ஒன்றுக்குள் யாரோ விதைச் சாமையைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"ஒண்ணு பாக்கி இருக்குது மேடம். சடையன்னு ஒருத்தரு. கேட்டா தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்றாரு, எனக்கு நம்பிக்கை இல்ல. நீங்களே வந்து கேட்டா நல்லது."

ஜீப்பில் போகும்போது மீதியைச் சொன்னார். சடையன் புளிய மரம் ஏறுகிறவர். பங்குனியில் புளி உலுக்கும் சமயத்தில் உள்ளங்காலில் ஏதோ முள் ஏறியிருக்கிறது. மரத்துப்போன கால், அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது, வேலூரில்.

"எங்க ஆலைக்கு இது தெரியுமா?"

"போன்ல சொன்னேங்க. வர்றவங்ககிட்ட சொல்றோம்னாங்க."

யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வண்டி போகாத இடத்திலிருந்து ஏற்றத்தில் நடந்தோம். சடையனின் வீடு மேட்டில் தனியாக இருந்தது. தகரக் கூரை. வாசல் படியில் அவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். ஐம்பதைத் தாண்டாத உடம்பு. மரம் ஏறிய தோள்கள் இன்னும் அப்படியே. இருந்த காலில் எங்கள் காலுறை.

ஸ்டெல்லா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே."

"நல்லாத்தானே கீது, எதுக்குப் போடணும்" என்றார் சடையன். என்னைப் பார்த்து, "நீங்க கம்பெனியாங்க? உக்காருங்க" என்றார்.

அவர் மனைவி காசியம்மா உள்ளிருந்து வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"கம்பெனியா? ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. கிருமி அண்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்றேன்.

"அடிச்சித் தொவைச்சா வெள்ளி போய்டும்னும் சொன்னாங்க. அதான் இந்த மனுசன் தொவைக்கவே இல்ல. வெயில்ல ஒதறிப் போட்டுக்கினாரு. கயட்டவும் மாட்டாரு. எங்கப்பனுக்கும் சக்கரைதாங்க. கால்ல புண்ணு வந்தா வூட்டுக்குள்ள நொழையறப்பவே நாத்தம் தெரிஞ்சிடும், எங்கம்மா இழுத்துக்கினு ஓடும். இவருக்கு மொதல்ல நாத்தமே வரலீங்க. வந்திருந்தா நான் உட்டிருப்பனா?"

நாறாமல் இருக்கவே அதைச் செய்தோம். பரப்பில் இருக்கும் கிருமியை வெள்ளி அடக்கியிருக்கும். முள் போன ஆழத்துக்கு அது எட்டியிருக்காது. காலுறை செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. மனைவியின் மூக்கை மட்டும் ஏமாற்றிவிட்டது. கடைசி நாட்களில் நாற்றம் வந்தபோது காய்ச்சலும் வந்துவிட்டிருந்தது. காலுறையை மருத்துவமனையில் கத்தரித்துத்தான் எடுத்தார்களாம்.

"அது வேற கால்" என்றார் சடையன் மெதுவாக. "இது நல்லா கீது. இன்னும் கெட்டியா கீது பாருங்க."

எனக்கு அந்தக் காலுறை வேண்டும் என்று கேட்டேன். வேலைக்காகக் கேட்டேனா, அது அவர் காலில் இருக்கக் கூடாது என்று கேட்டேனா, சொல்லத் தெரியவில்லை. அவருக்கு மனமில்லை. பிறகு குனிந்து மெல்ல உருட்டிக் கழற்றினார். குதிகால் பக்கம் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

ஸ்டெல்லா மண்டியிட்டு அவர் பாதத்தைத் தூக்கித் திருப்பினார். குதிகாலின் ஓரத்தில் வெடிப்பு ஒன்று உள்ளே சிவந்து, சுற்றிலும் வெளிறி ஊறியிருந்தது. விரல் வைத்து அழுத்தினார். "தெரியுதா?"

"இன்னா தெரியணும்?" என்றார் சடையன்.

காசியம்மா கிட்டே வந்து பார்த்தார். கத்தவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உடனே வேலூர் போக வேண்டும் என்றார் ஸ்டெல்லா. சடையன் மறுத்தார். அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் இதையும் எடுத்துவிடுவார்கள் என்றார். சாமை அறுப்பு முடியட்டும் என்றார். கடைசியில் மனைவியைப் பார்த்து, "நீயும் சொல்லு" என்றார், தன் பக்கம் பேசச் சொல்லி.

காசியம்மா எழுந்தார். "ஒரு காலோட ஒன்ன நான் தூக்கிடுவேன். அதுவும் இல்லன்னா என்னால முடியாதுய்யா. எழுந்திரு."

அவர் எழுந்தார்.

சரிவில் அவரை யூசுப் முதுகில் சுமந்து இறக்கினார். யாரும் கேட்கவில்லை, ஜீப்பை நிறுத்திவிட்டு மேலே வந்து பார்த்தவர், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குனிந்தார். போளூர் வழியாக இறங்கினோம். பின்னிருக்கையில் சடையன் மனைவியின் மடியில் பாதத்தை வைத்திருந்தார். வளைவுகளில் வண்டி சாய்ந்தபோதெல்லாம் காசியம்மா அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார், அவருக்கு வலிக்காது என்று தெரிந்தும். கீழே வயல்களில் தண்ணீர் நிறைந்து, வானம் எங்கும் ஒரே சாம்பல் நிறம்.

வேலூரில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். எலும்புக்குப் போயிருக்கிறதா என்று படம் எடுத்துத்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். விடைபெறும்போது காசியம்மா, "அந்தச் சாக்ஸ இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"அமிலத்தில கரைச்சு, எவ்வளவு வெள்ளி இருக்குன்னு பாப்போம்."

"பாத்துட்டு?"

"எழுதி வைப்போம்."

"எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திருப்பூரில் எல்லாவற்றையும் சோதித்தேன். பாறையில் துவைத்த காலுறைகளில் வெள்ளி ஏறக்குறைய இல்லை. சடையனுடையதில் புதிதில் இருந்த அளவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மேலாளருக்கு அந்த அளவைக் கண்டு மகிழ்ச்சி. விளம்பரத்தில் போடலாமா என்றார். அது யார் கால் என்று சொன்னேன். அளவைப் போட்டால் அதையும் சேர்த்துப் போடுங்கள் என்றேன். அப்படியானால் வேண்டாம் என்றார். இரண்டுமே வெளியே வரவில்லை. அடுத்த மலைக்கான பெட்டிகள் கிளம்பின. தினமும் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பெட்டிக்குள் வைக்கும் தாளின் அடியில் சிறிய எழுத்தில் சேர்த்தார்கள்.

ஸ்டெல்லா பிறகு பேசினார். குதிகாலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்களாம். கால் தப்பியது. அவரால் இனி அந்த மேட்டு வீட்டில் இருக்க முடியாது. படவேட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு இறங்கிவிட்டார்கள். மலையில் சாமையை வேறு யாரோ அறுத்துக்கொண்டார்கள்.

என் அப்பாவுக்கும் சர்க்கரைதான். பத்து வருடமாகப் பனியன் கம்பெனியில் நின்று வேலை பார்த்த கால். இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும் கை கழுவிவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்க்கிறேன்.

"என்ன அம்மிணி இது, உடு" என்று அவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொள்கிறார்.

நான் விடுவதில்லை.