சென்னை வரைக்கும் போட்ட டிக்கெட்

மஸ்கட்டில் மகன் வீட்டில் இருந்தபோது, யார் கேட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னேன். பொய்யும் இல்லை. மருமகள் தங்கமான பெண். ஆனால் காலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை நானும் அந்தக் கதவும்தான். அது தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. வெளியே போனால் திரும்ப உள்ளே வரும் வித்தை எனக்குத் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு கட்டடத்தின் ஜன்னல்.

என் வீட்டுக்காரர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகன் என்னை அங்கே அழைத்துப் போனான். திருவனந்தபுரத்தில் சாலை என்று சொல்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. அவருக்கு அங்கே பலசரக்குக் கடை. நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்த நாள்முதல் நான் இருந்த வீடு அது ஒன்றுதான். அதைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு விமானம் ஏறினேன்.

ஒருநாள் நான் அடுக்களையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். மகன் சென்னையில் இருக்கும் தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். போனைச் சத்தமாக வைத்துப் பேசுவது அவன் வழக்கம்.

"விசா முடியப்போகுது. இனி அம்மா உங்கிட்ட இருக்கட்டும்."

"சரி, அனுப்பி வை. அந்த வீட்டை என்ன செய்ய?"

"பாத்துக்கலாம். யாருக்காவது வாடகைக்கு விட்டுரலாம்."

அனுப்பி வை. கடைக்குச் சரக்கு வேண்டும்போது என் வீட்டுக்காரர் மொத்த வியாபாரியிடம் போனில் சொல்லிவந்த சொல் அது. நான் உள்ளியை உரித்து முடித்தேன். என்னிடம் கேட்டால் பதில் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

நேராகச் சென்னைக்கு இடம் கிடைக்கவில்லையாம். திருவனந்தபுரத்தில் இறங்கி வேறு விமானம் மாறிப் போகும்படி டிக்கெட் போட்டான். சொந்த ஊரில் இறங்கி, வீட்டை எட்டிப் பார்க்காமல், அடுத்த விமானத்தில் ஏறிப் போக வேண்டும். "கொஞ்ச நேரம்தாம்மா, ஆள் வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்றான்.

இறங்கியதும் ஒரு சின்னப் பெண் சக்கர நாற்காலியோடு நின்றாள். கையில் இருந்த தாளைப் பார்த்து என் பெயரை உரக்கச் சொன்னாள். முதலில் நான் திரும்பவில்லை. என் அம்மா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் அவர் பெயரைச் சொன்னதில்லை. மறுபடியும் அவள் கூப்பிட்டபோதுதான் அது நான் என்று உறைத்தது.

"அம்மே, இதுல இருங்கோ. நடக்கண்டா."

"எனக்குக் கால் இருக்கு மக்ளே. அந்தப் பெட்டியை வேணும்னா இருத்து."

அவள் சிரித்துவிட்டாள். பெட்டியை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் கூடவே நடந்தேன். பெட்டி மகாராணி மாதிரி போனது.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானம் சாக்கைப் பக்கம் நிற்கும். உள்நாட்டு விமானத்துக்கு அந்தப் பக்கம் சங்குமுகம் கடற்கரைக்குப் போக வேண்டும். நடுவில் ஓடுபாதை. வெளியே வந்து வண்டியில் சுற்றித்தான் போக வேண்டும். அந்தப் பெண் என்னை வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"வண்டி வரான் லேட் ஆகும் அம்மே. இன்னைக்கு ஆராட்டல்லே! ரன்வே அடைக்கும். உங்க சென்னை ஃப்ளைட்டும் ராத்திரிதான்."

நான் அவளையே பார்த்தேன். ஆராட்டு அன்று பத்மநாபசாமி கடலுக்கு நீராடப் போகும் வழி அந்த ஓடுபாதைதான். சாமி போய்த் திரும்பும் வரை ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. கோட்டைப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். என் மகன் வருஷாவருஷம் அப்பா தோளில் ஏறி இருந்து பார்த்தவன். அவன் இந்த நாளைப் பார்த்தா டிக்கெட் போட்டான்? மறந்துபோயிருக்கிறான். கோபம் வரவில்லை. இந்த ஊரை ஞாபகம் வைத்திருக்க இனி என்னைத் தவிர யாரும் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூட்டிவரப் போனாள். நான் எழுந்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வந்தேன்.

"எவிடேக்கா அம்மா? சங்குமுகமா?"

"சாலைக்கு."

"கோட்டைப் பக்கம் ரோடெல்லாம் பிளாக். ஈஞ்சக்கல் வரைக்கும் விடுறேன். அப்புறம் சாமி போன பிறகுதான்."

"சாமி போகட்டும். எனக்கு அவசரம் இல்லை."

ஈஞ்சக்கல்லில் இறங்கினேன். ரோட்டோரம் முழுக்க ஜனம். அதைக் கடந்தால்தான் வீட்டுக்கு வழி. பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். மகள் போன் செய்தாள்.

"எங்கம்மா இருக்கே? அந்தப் பக்கம் போயாச்சா?"

"ஈஞ்சக்கல்ல நிக்கேன்."

"அங்க என்னத்துக்கு?"

"வீட்டுக்குப் போறேன்."

அவள் ஒரேயடியாகக் கொட்டினாள். "உனக்குன்னு ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன். சின்னவன் படிக்கிற மேசையைக் கூட ஹாலுக்குத் தள்ளியாச்சு. ஏர்போர்ட்டுக்கு வர லீவு சொல்லியிருக்கேன். இப்பப் போய் இப்படிச் சொல்றே?"

"மேசையைத் திரும்ப உள்ள போடு. பிள்ளை படிக்கட்டும்."

"தனியா விழுந்து கிடந்தா யாரும்மா பாப்பா?"

"விழுந்தாத்தானே."

"வீம்பு! அப்பாகிட்டயும் இதே வீம்புதான் உனக்கு."

"ஆமா, வீம்புதான். என்கிட்ட வேற என்ன இருக்கு இப்போ?"

அவள் அழுதாள். அதற்குள் மேளச் சத்தம் நெருங்கிவிட்டது. "சாமி வருது, வைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனம் கைகூப்பிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. நான் பின்னால் நகர்ந்தேன். வீட்டில் ஒரு சாவு நடந்து வருஷம் திரும்பாமல் நாங்கள் சாமி பார்ப்பதில்லை. கோயிலுக்கும் போகக் கூடாது, சாமி தெருவுக்கு வந்தாலும் எதிரே நிற்கக் கூடாது. ஒரு கடையின் ஷட்டர் மூடியிருந்தது. அதைப் பார்த்தபடி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி என் தோளைத் தொட்டாள்.

"அம்மே, தொழுவுன்னில்லே?"

"வீட்டுக்காரர் போய் வருஷம் ஆவல்ல."

அவள் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள். யானையின் மணிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் போனது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். சாமி கடக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. ஷட்டரில் யாரோ போனமாதம் ஒட்டிய கண்காட்சி நோட்டீஸ் பாதி கிழிந்து தொங்கியது. எழுத்துக் கூட்டி அதைப் படித்துக்கொண்டே நின்றேன். மலையாள எழுத்து, பாதிதான் புரிந்தது. இத்தனை வருஷத்தில் கூட்டத்துக்குள் அப்படித் தனியாக நான் நின்றதில்லை.

வழி விட்டதும் நடந்தேன். பெட்டியின் சக்கரம் ஒன்று கல்லில் மாட்டி உடைந்தது. வீட்டுப் பூட்டு துருப்பிடித்துக் கொஞ்சம் அடம்பிடித்தது. உள்ளே அடைத்துக் கிடந்த வாடை. கேஸ் சிலிண்டரைத் திருகினேன், எரிந்தது. பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் குடித்துவிட்டு, அவர் படுத்திருந்த அறையைப் பெருக்கினேன்.

மகன் போனில் கத்தினான். டிக்கெட் போட்ட நாள் ஆராட்டு என்று நான் சொன்னதும் சத்தம் குறைந்தது. மகள் சில நாள் பேசவே இல்லை. பிறகு ஒரு காலையில் கூப்பிட்டாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"சரி." வைத்துவிட்டாள்.

இப்போது தினமும் காலையில் அந்தப் பேச்சுதான். சில நாள் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள், பல நாள் அதுவும் இல்லை. அவள் கூப்பிடும் நேரத்துக்கு முன்னாலேயே நான் அடுக்களை வேலையை விட்டுவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். மணி அடித்ததும் எடுக்க மாட்டேன். கொஞ்சம் அடிக்கட்டும் என்று விடுவேன். உடனே எடுத்தால் காத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்துபோகும்.