அம்மா உள்ளே இருந்த வளைகாப்பு

சென்னையை ஒட்டிய கீழ்க்கட்டளையில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்தவர்களைப் பொறுத்தவரை என் அம்மா ஒரு விதவை. அப்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களாகவே பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை, காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை, எப்போதும் வெள்ளைச் சேலை. கூட ஒரு சின்னப் பையன். வேறென்ன சாட்சி வேண்டும்?

உண்மையில் அம்மா நகைகளைக் கழற்றியது இலங்கையில், ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு. அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். எங்கள் சபையில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரிந்த கிறிஸ்தவப் பெண்களோ தாலியும் கம்மலும் போட்டு, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் வகை அவருக்குப் புதிது.

கலவரத்துக்குப் பிறகு அம்மாவும் நானும் மன்னாரில் படகேறி வந்தோம். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். பின்னால் வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. சபைக்காரர் ஒருவர் சொல்லி இந்த ஒற்றை அறை கிடைத்தது. ஊரில் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்த அம்மா, இங்கே கூரை வேய்ந்த நர்சரி ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போனார்.

வீட்டுக்காரர்கள் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற குடும்பம். அவர்களுடைய மகள் பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் தவறிக்கொண்டே இருந்தார். அம்மா சாயங்காலங்களில் உட்கார வைத்துப் பாஸ் பண்ண வைத்தார். அதன் பிறகுதான் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று என்பது வீட்டுக்கார அம்மாவின் கணக்கு. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் எந்தக் குழம்பு வைத்தாலும் ஒரு கிண்ணம் எங்களுக்கு வந்துவிடும். “தனியா கெடக்குற பொம்பள” என்ற இரக்கமும் அதில் கலந்திருந்தது.

அந்த மகளுக்கு வளைகாப்பு வந்தது. முதல் நாள் வீட்டுக்கார அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. நாளைக்கு வளையல் போடுற நேரத்துல கொஞ்சம் உள்ளயே இருந்துடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. சொந்தக்காரங்க வாய்தான் பொல்லாதது.”

“ஓம் அக்கா, அதுக்கென்ன. உள்ளே இருந்து பிள்ளைக்காக ஜெபம் பண்ணுறன்” என்றார் அம்மா.

மறுநாள் நான் மட்டும் போனேன். கையில் கேசரி வைத்துக்கொண்டு ஒரு தூணோரம் நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னைப் பார்த்துவிட்டார். “எங்கடா உங்கம்மா? டீச்சர் வராம எனக்கு இன்னா வளைகாப்பு?”

பல்லாவரத்திலிருந்து வந்திருந்த அத்தை ஒருத்தி அவர் தோளை அழுத்தினாள். “கம்முனு இரு. புருசன பறிகுடுத்தவங்க எப்பிடி வருவாங்க?”

நாலு பேர் முன்னால் வாயே திறக்காத பையன் நான். அன்றைக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. “எங்கப்பா ஒண்ணும் சாவல! ஊர்ல கீறாரு! வருவாரு!”

வளையல் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. “ஐயய்யோ, சுமங்கலியையா உள்ள குந்த வெச்சீங்க? புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டுல இன்னா பாவம்டீ இது!” என்றாள் அதே அத்தை.

வீட்டுக்கார அம்மா குங்குமச் சிமிழோடு எங்கள் அறைக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா முழங்காலில் இருந்தார்.

“இன்னா டீச்சரம்மா இது? உங்க வூட்டுக்காரரு இருக்காராமே! இத்தினி நாளு என்கிட்ட மூடி மறைச்சிட்டீங்களே!”

“நீங்கள் கேக்கேல்லையே அக்கா.”

“இப்ப கேக்குறேன். இருக்காரா, இல்லையா? புருசன வுட்டுட்டு ஓடியாந்தவளுக்கு வீடு குடுத்தியான்னு என் சம்பந்தி கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? உண்மைய சொன்னா இங்க இருங்க. இல்லாங்காட்டி வேற வூடு பாத்துக்குங்க.”

ஒரு வார்த்தைதான். இருக்கிறார் என்று சொன்னால் வீடு தங்கும். அம்மா பொய் சொல்ல மாட்டார். பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காகக்கூட என் வயதைக் குறைத்துச் சொல்லத் தெரியாதவர். இதுவோ உண்மை, சொல்லிவிட்டால் முடிந்தது. நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

வீட்டுக்கார அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிமிழைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

“சேதி வந்து எத்தினி நாளாச்சு?”

“நாங்கள் வந்ததிலயிருந்து ஒண்டும் இல்லை அக்கா.”

வீட்டுக்கார அம்மா எழுந்தார். அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், மகளுக்கு எதிரே நிறுத்தினார். குங்குமம் வைக்கவில்லை. இரண்டு கண்ணாடி வளையல்களை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

“இவங்க இப்ப சுமங்கலியா, இல்லியா? ஒண்ண சொல்லு!” என்று அத்தை கேட்டாள்.

“அவங்க டீச்சரு. வழி வுடு.”

தான் வளையலே போடாத அம்மா, அக்காவின் கையில் அவற்றை உடையாமல் ஏற்றிவிட்டார். அந்த அறையில் நாங்கள் இன்னும் பல வருஷங்கள் இருந்தோம். அப்பா வரவில்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வளைகாப்பு நடந்த அன்று சாயங்காலம் அம்மாவின் மேல் எனக்குக் கோபமாக இருந்தது. விளக்கேற்றியதும் வழக்கம்போல இருவரும் முழங்காலிட்டோம். வழக்கம்போல அம்மா, “ஆண்டவரே, அவரைச் சுகமாகக் கொண்டுவந்து எங்களோடு சேர்த்தருளும்” என்றார். ஊரிலிருந்து வந்த நாள் முதல் அதைத் தினமும் கேட்டுக்கேட்டுத்தான், அப்பா சுகமாக இருக்கிறார், வரப்போகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கடவுளிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, வீட்டுக்கார அம்மாவிடம் சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே, நான் சத்தமாக ஆமென் சொன்னேன்.