பஞ்சில் ஏறிய அத்தர்

என் மகளுக்குத் தாவணி போட்டுவிட்ட புதிது. பாவாடை சட்டையோடு ஓடித் திரிந்த பெண்ணின் மேல் இரண்டரை கஜம் துணி கூடுதலாக வந்து விழுந்ததும், தான் எங்கே முடிகிறோம், துணி எங்கே தொடங்குகிறது என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. தாவணி கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளும். குழம்புச் சட்டியில் நனையும். அவள் அப்பாவின் சைக்கிளில் சிக்கி, நிற்கிற சைக்கிளைச் சாய்த்துவிடும். "இழுத்துச் சொருகுடி, இழுத்துச் சொருகுடி" என்று நாள் முழுக்கச் சொல்வேன். சொன்னபின், அளவுக்கு மீறிச் சொல்கிறோமோ என்று நினைத்துக்கொள்வேன்.

அவளைப் பெற்றபோது எனக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்தேன், பிள்ளை வளர்ப்பது அந்தப் பாடத்தில் இல்லை. வாரப் பத்திரிகையில் அதைப் பற்றி எது வந்தாலும் கத்தரித்து அரிசிப் பானைக்கு மேலே செருகி வைப்பேன். ஒரு வாரம் கண்டிப்பு வேண்டும் என்று எழுதுவார்கள். அடுத்த வாரம் கண்டித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று எழுதுவார்கள். இரண்டையுமே நான் நம்பினேன்.

நாத்தனாரின் வளைகாப்புக்குச் சந்தனமும் பன்னீரும் வாங்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு அத்தர்க் கடைக்குப் போனேன். பேகம்பூர் போகிற வழியில் இருந்த சின்னக் கடை அது. முன்னால் ஒரு நீளப் பலகை. அதன் மேல் ஊதுபத்திக் கட்டுகள், சாம்பிராணி, அதை இடிக்கிற சின்னக் கல்லுரல், பெரிய பஞ்சுச் சுருள் ஒன்று. பலகைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு கடைக்காரர் பாய். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி வாங்கி வாங்கி எனக்குப் பழக்கமானவர்.

என் மகள் அலமாரியில் இருந்த ஒரு பெரிய பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாய் அதைக் கவனித்துவிட்டார்.

"அது விக்கிறதுக்கு இல்ல ஆத்தா. நாளைக்குக் காலையில தோல் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். அவருக்குன்னு வடக்கேயிருந்து வரவழைச்ச ரோசா அத்தர்" என்றவர், சொல்லிக்கொண்டே அதை எடுத்துப் பலகையில் வைத்தார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, மாப்பிள்ளை வீட்டுப் பொம்பள ஒருத்தி வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டாளாம். தோலு வாடை. மனுசன் அதைப் பாத்துட்டாரு. எம்புட்டு ஆனாலும் சரி, கல்யாணத்தன்னைக்கு என் வீட்டுல ரோசா வாசம்தான் அடிக்கணும்னு நிக்கிறாரு. மோந்து பாரு."

மூடியைத் திறந்து நீட்டினார். அவள் குனிந்து முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் எனக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்ற வேகத்தில் "அம்மா" என்று திரும்பினாள். அவள் திரும்பினாள், அவளுக்குப் பின்னால் தாவணி திரும்பியது.

பாட்டில் பலகையிலேயே சாய்ந்து, கல்லுரலின் விளிம்பில் பட்டுக் கழுத்தோடு உடைந்தது. அத்தர் பலகை நெடுக ஓடிற்று. பாய் பாட்டிலை நிமிர்த்துவதற்குள் என் மகள் பக்கத்தில் இருந்த பஞ்சுச் சுருளை அப்படியே தூக்கி அதன் மேல் வைத்து அமுக்கினாள். வீட்டில் பால் கொட்டினால் துணியைப் போட்டு அமுக்குவாளே, அந்த மாதிரி.

தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு வாசனை.

பாய் அடிப்பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பஞ்சைப் பார்த்தார். "ஒரு சாமானைக் கெடுத்த, சரி. இன்னொரு சாமானையும் எதுக்கு ஆத்தா கெடுத்த?"

அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள். "அம்மா, காசு குடுத்துட்டுப் போயிரலாம்மா" என்று என் காதில் கெஞ்சினாள். எனக்கும் அதுதான் தோன்றியது. பையைத் திறந்தேன்.

"அட வைங்க தங்கச்சி. காசைக் குடுத்தா நாளைக் காலையில அத்தர் வந்துருமா? பிள்ளை தெரியாமப் பண்ணிருச்சு. நான் போய்ச் சொல்லிக்கிறேன். என்ன சொல்றதுன்னுதான் தெரியல." அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பையை மூடினேன். அந்த நிமிஷத்தில் எனக்குப் பத்திரிகைக் கட்டுரை எதுவும் ஞாபகம் வரவில்லை. அவளை முன்னால் இழுத்து நிறுத்தி, "பாய் எதுக்குச் சொல்லணும்? கொட்டுனது நீ. இப்ப என்ன செய்யலாம்னு நீயே சொல்லு" என்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? கடைக்காரர் எதிரில் அவமானப்படுத்துகிறேனோ?

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பாயைப் பார்த்தாள். அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தாள். அவர் காது மடலில் எப்போதும் போல ஒரு சின்ன அத்தர்ப் பஞ்சு இருந்தது.

"மாமா, உங்க காதுல இருக்கிறது மாதிரி, இந்தப் பஞ்சைச் சின்னச் சின்னதா உருட்டி எல்லாருக்கும் குடுக்கலாமா?"

பாய் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு பஞ்சுச் சுருளைத் தூக்கி முகர்ந்தார். "ஏறித்தான் இருக்கு" என்றார் மெதுவாக. அடிப்பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமிருந்தது. அதை மெல்லிய துணியில் வடிகட்டி வேறு பாட்டிலில் ஊற்றினார். "இது ஆம்பளைகளுக்குக் கையில தடவப் போதும். பொம்பளைக பக்கத்துக்குப் பஞ்சு. ஆனா கண்ணாடிச் சில்லு ஒண்ணு இருந்துச்சுன்னா என் கடை போச்சு. அதோட, கல்யாண வீட்டுக்காரவுகளும் சம்மதிக்கணும்ல?"

"நான் கேட்டுட்டு வாரேன்" என்றாள் என் மகள்.

கடை வாசலில் உட்கார்ந்து இருவருமாகப் பஞ்சைப் பிரித்தோம். சில்லு பட்ட பகுதியையெல்லாம் அவள் பிய்த்து எறிந்தாள். நல்லதை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து ஒரு பீங்கான் தட்டில் வைத்து மூடினாள். போகிற வழியில் அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன்: "தவறுதலாக நேர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்." தெருமுனை வரை அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். தாவணியில் ஊறிய அத்தர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வீட்டு வாசல்களில் இருந்த பெண்கள், "என்னத்தா, இன்னைக்கேவா கல்யாணம்?" என்று கேட்டார்கள். ஒரு ஜட்காக்காரர் வண்டியை மெதுவாக்கி எங்களோடு கொஞ்ச தூரம் வந்தார். வாசனைக்காகத்தான்.

கல்யாண வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தாயார் முற்றத்தில் நின்று, வெங்காயம் உரிக்கிற பெண்களை விரட்டிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும், "பாத்திரக் கடையா? பின்பக்கமா வாங்க" என்றார்.

"இல்லங்க" என்றாள் என் மகள். "நான் அத்தர் பாட்டிலை உடைச்சவ."

தெருமுனை வரை சொல்லி வந்த வாக்கியம் போயே போயிற்று.

வெங்காயம் உரித்த கைகளெல்லாம் நின்றன. அந்த அம்மாள் கவிழ்த்து வைத்திருந்த ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்தார். "எந்த அத்தரு?"

"ரோசா அத்தருங்க."

"யா அல்லா. மூணு மாசமா பொண்ணோட அத்தா சோத்துக்கு உக்காந்தா அந்த அத்தரு, படுத்தா அந்த அத்தருன்னு கெடக்காரு. மாப்பிள்ளை பேரு கூட அவரு வாயில அம்புட்டுத் தடவை வரல."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் பேச வாயெடுத்தேன். பேசினால் என் மகள் மறுபடியும் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதைவிடக் கஷ்டமான வேலை அதுவரை நான் செய்ததில்லை.

அவள் தட்டைத் திறந்து காட்டி, உருட்டிக் கொடுக்கலாம் என்ற யோசனையைச் சொன்னாள். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தரையில விழுந்த பஞ்சா?"

"பலகையில ஒத்துனதுங்க. தரையில சிந்துனதை எடுக்கல."

"கண்ணாடி?"

"பாத்துட்டேன். உருட்டும்போது ஒவ்வொண்ணையும் திரும்ப அழுத்திப் பாப்பேன். குத்துனா என் விரல்லதான் முதல்ல குத்தும்."

அந்த அம்மாள் பஞ்சை முகர்ந்தார். பிறகு என் மகளைப் பக்கத்தில் இழுத்து அவள் தோளை முகர்ந்தார். "உன்னையே தூக்கி வாசல்ல நிறுத்திரலாம் போல இருக்கே புள்ள." உரக்கச் சிரித்துவிட்டு எழுந்தார். "சரி. கடைக்காரருக்குக் குடுக்க வேண்டியதை நாங்க குடுத்துருவோம், அத்தர் வந்து சேந்துருச்சு. ஆனா பஞ்சு உருட்ட இங்க ஆளில்ல. நீயே உக்காந்து உருட்டு. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, காலையில வந்து உன் கையாலயே குடுக்கணும். அங்க ஒண்ணு கொறஞ்சாலும் உன்னையத்தான் கேப்பேன்."

அன்று சாயங்காலம் முழுக்க அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சைக் கிள்ளி, கொட்டைப்பாக்கை விடச் சின்னதாக உருட்டி, அழுத்திப் பார்த்துத் தட்டில் வைக்க வேண்டும். மருதாணிக் கையோடு கல்யாணப் பெண்ணே வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அவளால் எதையும் தொட முடியாது. அதனால் வாயால் வேலை வாங்கினாள். "இது பெருசு. இது கத்திரிக்காய். இது என் மாமியாருக்கு, இன்னும் கொஞ்சம் பெருசா உருட்டு." என் மகள் சிரித்த சிரிப்பில் தட்டே ஆடியது. விளையாட்டாகப் போய்விட்டதே, இது தண்டனையா திருவிழாவா என்று எனக்குக் கவலை. ஆனால் சிரிப்புக்கு நடுவிலும் அவள் ஒரு பஞ்சைக்கூட அழுத்திப் பார்க்காமல் வைக்கவில்லை. நான் உருட்டியதையும் எடுத்து இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

பெண்ணின் தகப்பனார் மண்டியிலிருந்து வந்தார். வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டார். மூக்கை உயர்த்தினார். பந்தல், முற்றம், வெங்காயக் குவியல், எல்லாவற்றிலும் ரோஜா வாசனை. மனைவி விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் ஒரு தடவை விழுந்தது. பிறகு மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"ஒரு நாள் முன்னாடியே வீடு பூரா அடிக்குதே" என்றார். "பாட்டிலுக்குள்ள இருந்திருந்தா எனக்கு மட்டும்தானே தெரிஞ்சிருக்கும்."

எனக்கு உயிர் வந்தது. வந்த கையோடு, உடைத்ததே நல்லதாகப் போயிற்று என்று இவள் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும் வந்தது.

எங்களைக் காணாமல் தேடிக்கொண்டு என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கடைக்காரர் எல்லாம் சொல்லியிருக்கிறார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பஞ்சுக்கும் பாட்டிலுக்கும் காசைக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல? ஊரான் வீட்டுல பிள்ளையை வேலைக்கு உக்கார வச்சிருக்கியே" என்றார். அதற்குள் அவர் கையில் யாரோ ஒரு கிண்ணம் அல்வாவைக் கொடுத்துவிட்டார்கள். அதைத் தின்றுகொண்டே போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றார். "அப்பா, கையைக் கழுவிட்டு நாலு உருட்டுங்க" என்றாள் அவள். உருட்டினார். கல்யாணப் பெண், "இதைத் தனியா வைங்க, வந்தவுக பயந்துருவாக" என்றாள். அவ்வளவு பெரிது.

மறுநாள் காலை நிக்காஹ் முடிந்தது. ஆண்கள் பக்கத்தில் கடைக்காரர் பாயே பாட்டிலோடு போய்க் கையில் கையில் தடவினார். பெண்கள் பக்கத்தில் என் மகள். ஒரு தட்டு அவள் கையில், நிரம்பிய இன்னொரு தட்டு என் கையில். சித்தையன்கோட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூக்கைப் பொத்திய அம்மாள் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லார் மூக்கையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அங்கே ஒரு பெரிய அம்மாள் பஞ்சை வாங்கிக் காதில் வைத்தார். எடுத்து முகர்ந்தார். மறுபடி வைத்தார். "பாட்டில்ல தொட்டுத் தடவினா தண்ணி பட்டதும் போயிரும். இது சாயங்காலம் வரைக்கும் நிக்கும் போல இருக்கே" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். "மண்டிக்காரரு வெவரமான ஆளுதான். இது யாரு யோசனை புள்ள?"

'என் யோசனை' என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. சுற்றிலும் அத்தனை பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டு வந்தால் நான் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனாலும் என் கைத் தட்டு கனத்தது.

"யோசனை எல்லாம் அப்புறம் வந்ததுங்க" என்றாள் என் மகள். "அதுக்கு முன்னாடி நான் பாட்டிலை உடைச்சுட்டேன்."

வரிசை முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. அந்த அம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளி, "அப்ப எனக்கு இன்னொண்ணு குடு, வலது காது சும்மா இருக்கு" என்றார். அவள் ஒன்றை எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அவளுடைய தட்டு காலியாகியிருந்தது. திரும்பி, என் கையில் இருந்த நிறைதட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.